சக்கரத்தின் விட்டம்

பதினாலாயிரத்து எழுநூற்று இருபது ரூபாய். ஷைனி மேடம் கம்பெனிக்குக் கட்டவேண்டிய பணம் இவ்வளவு என்று அந்த மெமோவில் இருந்தது. முப்பத்திரண்டு சக்கரங்கள், ஒன்று நானூற்று அறுபது. மாதம் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது வீதம் எட்டு மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்ததை நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள், கைரேகை வைக்க எனக்குப் பின்னால் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

அந்தச் சக்கரங்களுக்கு அளவு எடுத்து எழுதிக் கொடுத்தவன் நான். மெமோவில் என் பெயர் இல்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பன்னும் ரொட்டியும் போடுகிற கம்பெனி எங்களுடையது. எங்களுடையது என்று கை தவறி எழுதிவிட்டேன்; நான் காண்ட்ராக்ட் ஆள். பன்னிரண்டு வருடமாக வண்டி தள்ளுகிறேன். ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிற கம்பி வண்டி. தட்டுத் தட்டாக மாவு உருண்டைகளை அடுக்கி, வண்டியோடு அப்படியே அடுப்புக்குள் விட்டுக் கதவைச் சாத்துவோம். சக்கரமும் உள்ளே போய் வேகும். அதனால் சூடு தாங்குகிற சக்கரம்தான் போடவேண்டும். ஒரு தடவை விலை குறைவு என்று சாதா நைலான் சக்கரம் வாங்கிப் போட்டார்கள். முதல் நாளே அது தோசை மாதிரி படுத்துவிட்டது.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. வலது முழங்காலில் சவ்வு தேய்ந்திருக்கிறது. வண்டியில் எந்தச் சக்கரம் தேய்ந்து சப்பையாகிவிட்டது, எது சுற்றாமல் இழுபடுகிறது என்பது மற்றவர்களுக்கு முன்னால் என் முழங்காலுக்குத் தெரிந்துவிடும். எட்டு வண்டிக்கும் சக்கரம் மாற்றவேண்டும் என்று ஷைனி மேடத்திடம் முதலில் சொன்னதும் நான்தான். மேடம் எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர். பொன்னேரிப் பக்கம், டிப்ளமா படித்த பெண், என் மூத்த மகள் வயதுதான் இருக்கும்.

“அளவு எடுத்து இந்த ஃபார்ம்ல எழுதிக் குடுத்துடுங்கண்ணா, நான் கையெழுத்து போட்டு பர்சேஸுக்கு அனுப்பிடறேன். இன்னிக்கு ஆடிட்டு, தலைக்கு மேல வேலை” என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டு ஓடினார்.

பன்னிரண்டு வருடத்தில் என்னிடம் யாரும் எழுதிக் கொடு என்று கேட்டதில்லை. நாற்பத்தைந்து வயதுக்கு மேல், சர்ச் ஹாலில் நடந்த சாயங்கால வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட எழுத்து. புதிதாக வந்த படிவம் அது. எங்களைப் போன்றவர்களுக்குப் புரியட்டும் என்று தமிழில் அடித்திருந்தார்கள். முதல் கட்டத்திலேயே “சக்கரத்தின் விட்டம்” என்று இருந்தது.

விட்டம் எனக்குத் தெரிந்த வார்த்தை. எங்கள் பக்கத்தில் உத்தரம் என்போம்; வகுப்புப் புத்தகத்தில் ஒரு வீட்டைப் போட்டு, சுவருக்கு மேலே குறுக்கே போகிற மரத்துக்கு அம்புக்குறி இழுத்து விட்டம் என்று எழுதியிருந்தது. உத்தரத்துக்கு இப்படி ஒரு புத்தகப் பெயர் இருக்கிறதே என்று நான் அதை மனதில் பத்திரமாக வைத்திருந்தேன். சுவரின் மேல் உட்கார்ந்து கூரையைத் தாங்குவது விட்டம் என்றால், சக்கரத்தின் மேல் உட்கார்ந்து வண்டியைத் தாங்குகிற அந்த இரும்புத் தகடுதான் சக்கரத்துக்கு விட்டம். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. தரையிலிருந்து தகடுவரை டேப் பிடித்தேன். ஐந்து இஞ்ச். நாலு வண்டியில் அளந்து பார்த்தேன், நாலிலும் ஐந்துதான். விட்டம்: 5 இஞ்ச் என்று அழுத்தி எழுதினேன். மேடம் நடந்துகொண்டே கையெழுத்துப் போட்டார்.

சக்கரங்கள் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பு அணைந்திருந்தபோது நானும் லோகுவும் முப்பத்திரண்டையும் மாட்டினோம். லோகு அடுப்பு ஆபரேட்டர், என் வயதுக்காரன், வாய் அடங்காது.

“இன்னா தாவீது, சக்கரம் கொஞ்சம் பெருசா கீற மாதிரி கீது?”

“புதுசு. பழசு தேஞ்சிருந்துச்சு. அதான் அப்படித் தெரியுது.”

திங்கட்கிழமை முதல் வண்டியை அடுப்புக்குள் தள்ளினேன். டங் என்று மேலே ஒரு சத்தம். பின்னால் இழுத்து மறுபடி தள்ளினேன். மறுபடி டங். லோகு வண்டியைச் சுற்றி வந்து மேலே பார்த்தான், கீழே பார்த்தான்.

“வண்டி ஹீல்ஸ் போட்டுகினு வந்துகீதுய்யா! உள்ள போவணும்னா தலையக் குனியச் சொல்லு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அப்போது எனக்கு விஷயம் தெரியாது. வண்டியின் தலைக்கும் அடுப்பு வாசலுக்கும் நடுவில் இருந்த இடைவெளி முக்கால் இஞ்ச். வண்டி உயர்ந்ததோ ஒன்றேகால் இஞ்ச். பழைய சக்கரங்களைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் எட்டு வண்டி மாவும் பொங்கி அமுங்கிப் புளித்துப்போனது. புதுச் சக்கரத்தில் கிரீஸும் மாவும் ஏறி, ஆணி உரசிப் பெயிண்ட் போயிருந்தது. கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டான்.

மேனேஜர் வரதன் சார் அந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னாலேயே நின்று கேட்டார். “நாலு இருக்க வேண்டிய இடத்துல அஞ்சு. யார் அளந்தது?”

நான் ரெண்டு எட்டுத் தள்ளி நின்றிருந்தேன். ஷைனி மேடம் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. “கையெழுத்து என்னுது சார்” என்றார்.

அளந்தது காண்ட்ராக்ட் ஆள் என்று தெரிந்தால் பிடித்தம் எல்லாம் இல்லை, அன்றைக்கே கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். ஐந்து என்று அளந்தேன், ஐந்துதான் இருந்தது. அது எப்படி நாலு? வீட்டுக்குப் போய்ச் சாராளைக் கேட்டேன். என் மனைவி எட்டாவதுவரை படித்தவள். இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

“விட்டம்னா இன்னா சாராளு?”

“எந்த விட்டம்? ஊட்டு மேல கீறதா, வட்டத்துல வர்றதா?”

“வட்டத்துல எங்க வருது விட்டம்?”

அவள் இறால் கையோடு தரையில் ஒரு வட்டம் போட்டு, நடுவில் கோடு இழுத்தாள். “இத்தான். கணக்குல வரும். டயாமீட்டருன்னு சொல்வாங்களே.”

நான் அந்த ஈரக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டயா! வேலை செய்கிற இடத்தில் பன்னிரண்டு வருடமாக எல்லோர் வாயிலும் அதுதான். நாலு இஞ்ச் டயா சக்கரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். படிவத்தில் டயா என்று இருந்திருந்தால் அளக்கக்கூட வேண்டியிருந்திருக்காது.

நடந்ததைச் சொன்னேன். சாராள் கை கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இப்ப போயி சொல்லப் போறியா?”

“சொல்லணும்ல.”

“அறுவத்தஞ்சு ரூபா போயிடும்யா.”

அந்த வருடப் பொங்கலுக்குப் பிறகுதான் எங்கள் காண்ட்ராக்டர் சுப்பராயன் என்னை செமி ஸ்கில்டு லிஸ்டில் ஏற்றியிருந்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு நாளைக்கு அறுபத்தைந்து ரூபாய் கூட. மாதத்துக்கு இருபத்தாறு நாள் என்று வைத்தால் ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு. என் முழங்காலுக்கான ஊசி அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. படிவத்தில் இருந்த வார்த்தை எனக்குப் புரியவில்லை என்று நானே போய்ச் சொன்னால் லிஸ்டில் எப்படி வைத்திருப்பார்கள்?

சொல்லவில்லை. ஒரு மாதம் போனது, முதல் பிடித்தம். இரண்டாம் மாதமும் பிடித்தார்கள். மேடத்திடமிருந்து போவது ஆயிரத்து எண்ணூற்று நாற்பது. எனக்குக் கூட வருவது ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு. இரண்டு தொகையும் இவ்வளவு பக்கத்தில் இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. மேடம் பையிலிருந்து எடுத்து என் பையில் போட்டதுபோல இருந்தது.

இரண்டாவது பிடித்தத்துக்கு மறுநாள் காலையில் புதுவாயல் ஜங்ஷனில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். எப்போதும் ஸ்கூட்டரில் போகிற ஷைனி மேடம் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினார். பின் சீட்டில் நசுங்கி வந்ததில் சுடிதார் ஓரம் மடிந்திருந்தது.

“வண்டி இன்னா ஆச்சு மேடம்?”

“டியூ கட்டல. எடுத்துனு போய்ட்டாங்கண்ணா. விடுங்க, இதுல போனா நாலு பேரு பேச்சு கேக்கலாம்.”

நான் டீயைக் கீழே வைத்தேன். அளந்ததிலிருந்து சாராள் போட்ட வட்டம்வரை எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிவிட்டேன். லாரிகள் போய்க்கொண்டிருந்த சத்தத்தில் சில இடங்களை இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முகம் என்னவோபோல ஆகிவிட்டது.

“அந்த ஃபார்மைத் தமிழ்ல அடிச்சது யாரு தெரியுமா?”

“ஆபீஸ்ல யாராவது இருக்கும்.”

“நான்தாண்ணா. முதல்ல டயான்னுதான் போட்டேன். ஹெச்.ஆர். மேடம், இது தமிழ் இல்ல, மாத்துன்னாங்க. போன்ல தேடி விட்டம்னு போட்டேன். உங்க யாருக்காவது புரியுமான்னு ஒரு ஆளைக் கூடக் கேக்கல.”

நான் கீழே வைத்த டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தேன்.

“இத்த வரதன் சார்கிட்ட சொல்லப் போறேன் மேடம்.”

“பேஜாரு பண்ணாதீங்கண்ணா. எனக்கு இன்னும் ஆறு மாசம், முடிஞ்சுடும். உங்களுக்கு கிரேடு போச்சுன்னா திரும்ப வராது.”

அவர் சொன்னது உண்மை. அதனால்தான் நான் அன்றைக்கே போகவில்லை. ஆனால் அன்று முழுக்க வண்டி தள்ளும்போது ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. கோணியில் கட்டி ஸ்டோரில் கிடக்கிற முப்பத்திரண்டு சக்கரங்களில் ஒரு குறையும் இல்லை. அவை அடுப்புக்குள் போக முடியாது, அவ்வளவுதான். அடுப்புக்குள் போகாத வண்டி எது?

மாவுத் தொட்டி. மிக்ஸரிலிருந்து மாவை வாங்கி மேசைக்குக் கொண்டுபோகிற ஸ்டீல் தொட்டிகள் ஆறு இருந்தன. மூன்று இஞ்ச் சக்கரம். நடுவில் தண்ணீர் போகிற சாக்கடைக்கு மேல் கம்பிச் சல்லடை போட்டிருக்கும். அந்தச் சின்னச் சக்கரம் ஒவ்வொரு தடவையும் சல்லடைச் சந்தில் விழுந்து மாட்டும். தூக்கித் தள்ளித்தான் என் முழங்கால் இந்தக் கதிக்கு வந்தது. பெரிய சக்கரம் அந்தச் சந்தில் விழாது.

லோகுவிடம் கேட்டு ஒரே ஒரு சக்கரத்தை ஸ்டோரிலிருந்து வாங்கினேன். சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அளந்தேன்.

“இந்தத் தபா யாருக்கு ஹீல்ஸ்?” என்று லோகு டிபன் டப்பாவோடு வந்து நின்றான்.

“தொட்டிக்கு. பேசாம இந்த டேப்பைப் பிடி.”

இந்த முறை மேலே என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்த்தேன். மிக்ஸர் வாய்க்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவில் மூன்றரை இஞ்ச் இருந்தது. சக்கரத்தை நிற்கவைத்து தரையிலிருந்து தகடுவரை அளந்தால் ஆறேகால். தொட்டியின் பழைய சக்கரம் அதேபோல அளந்தால் நாலு. ஆக தொட்டி இரண்டேகால் இஞ்ச் உயரும், மேலே ஒன்றேகால் மிச்சம் நிற்கும். சக்கரத்தைப் படுக்கவைத்து, நடு ஆணிக்கு மேலாக விளிம்பிலிருந்து விளிம்புவரை டேப்பை இழுத்தேன். ஐந்து. அதுதான் விட்டம். அதற்குப் பக்கத்தில் டயா என்றும் எழுதிக்கொண்டேன்.

தகட்டில் ஓட்டைகள் ஒத்துவரவில்லை. ஓட்டையின் நடுவிலிருந்து அடுத்த ஓட்டையின் நடுவரை பார்த்தால் தொட்டியில் அரை இஞ்ச் குறைவு. புதிதாகத் துளை போடவேண்டும். பிறகு பாரம். மாவோடு தொட்டி இருநூற்று நாற்பது கிலோ. நாலு சக்கரத்துக்கு வகுத்து அறுபது என்று எழுதப்போனேன், லோகு தடுத்தான்.

“மூணால வகு. நம்ம தரை இன்னா கண்ணாடியா? எங்கனா ஒரு சக்கரம் அந்தரத்துல தொங்கிக்கினுதான் வரும். மூணுதான் வேலை செய்யும்.”

“நீ ஓப்பி அடிக்கிற மாதிரி.”

“அத்தான் சொல்றேன், அனுபவத்துல.”

மூன்றால் வகுத்தால் எண்பது. ஒரு சக்கரம் நூறு கிலோ தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. போதும்.

அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தாளை மட்டும் கொடுத்துவிட்டு, பழைய தப்பைப் பற்றிப் பேசாமல் வந்துவிடலாம் என்ற நினைப்பு எனக்கு வராமல் இல்லை. வரதன் சார் அறைக்கு முன்னால் இருந்த தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் இரண்டு தம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பழைய தப்பைச் சொல்லாமல் தாளைக் கொடுத்தால் என்னைக் கெட்டிக்காரன் என்பார்கள், மேடம் கவனமில்லாதவராகவே நிற்பார். உள்ளே போய், “அந்த அஞ்சு இஞ்ச் நான் எழுதுனது சார்” என்று முதலில் சொல்லிவிட்டேன்.

அவர் முழுதாகக் கேட்டார். விட்டம் என்பதை உத்தரம் என்று நினைத்ததைச் சொன்னபோது சிரிப்பை அடக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அன்னிக்கே ஏன் சொல்லல?”

“கிரேடு போயிடும்னு சார்.”

“இப்ப போகாதா?”

“போவும் சார்.”

தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு கால்குலேட்டரை இழுத்தார்.

“ஆறு தொட்டிக்கு இருபத்தி நாலு சக்கரம். பதினோராயிரத்து நாப்பது ரூபாய்ச் சரக்கு ஸ்டாக்ல ஏறிடும். மீதி எட்டு. எட்டுக்கு மூவாயிரத்து அறுநூத்தி எண்பது. ஷைனிகிட்ட ரெண்டு மாசம் பிடிச்சது எவ்வளவு? அதே மூவாயிரத்து அறுநூத்தி எண்பது. கணக்கு நேரா வந்துடுச்சே!” கணக்கு நேராக வந்ததில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். “இனிமே பிடித்தம் இல்ல. முடிஞ்சுது.”

“அந்தப் பிடிச்ச பணம் என் பேர்ல போகணும் சார். மேடத்துக்குத் திருப்பித் தரணும்.”

“நீ எங்க ரோல்ல இல்லப்பா. உங்கிட்ட எப்படிப் பிடிக்கிறது? போ, வேலையைப் பாரு.”

எட்டு சக்கரத்துக்கும் காசைப் பிடித்துவிட்டு எட்டு சக்கரத்தையும் கம்பெனியே வைத்துக்கொண்டது என்பது எனக்கும் தோன்றவில்லை, மேடத்துக்கும் தோன்றவில்லை. ஒரு வாரம் கழித்து லோகுதான் சொன்னான். போய்க் கேட்கலாமா என்றேன். “ஸ்பேர்னு எழுதிட்டாங்க. கேட்டா நம்மையும் ஸ்பேர்னு எழுதிடுவாங்க” என்றான்.

சுப்பராயன் என்னைக் கேட்டில் பிடித்தார்.

“இன்னா நைனா, உன் மேல நம்பிக்கை வச்சு லிஸ்ட்ல ஏத்துனேன். படிக்கத் தெரியும்னியே?”

“படிக்கத் தெரியும். அந்த ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் கீறதுதான் தெரியல.”

“கம்பெனியில கேட்டா நான் இன்னாத்த சொல்றது? அடுத்த மாசத்துலேர்ந்து பழைய ரேட்டுதான். அப்பால பாக்கலாம்.”

அப்பால என்றால் எப்போது என்று நான் கேட்கவில்லை. சாராளிடம் சொன்னபோது அவள் ஒன்றும் திட்டவில்லை. இரண்டு நாள் குறைவாகப் பேசினாள். மூன்றாம் நாள், “ஊசி போட சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போ. க்யூ நின்னா இன்னா, காலு தேஞ்சாப் போவும்?” என்றாள். பிறகு, தேய்கிற கால் அதுதான் என்பதை நினைத்து அவளே சிரித்துவிட்டாள்.

தொட்டிகளுக்குச் சக்கரம் ஏறியது. நாலும் எந்தப் பக்கமும் திரும்புகிற சக்கரம் என்பதால் நேராகத் தள்ளினால் சில நேரம் பக்கவாட்டில் ஓடும். கையால் ஒரு பிடி பிடிக்கவேண்டும். ஆனால் சல்லடையில் மாட்டுவதில்லை.

மூன்று சம்பளத்தில் மூவாயிரத்து அறுநூற்று எண்பது ரூபாய் சேர்ந்தது. புதுவாயலில் அதே டீக்கடையில் மேடத்துக்காகக் காத்திருந்து, பணத்தை நீட்டினேன்.

“இன்னாது இது?”

“ரெண்டு மாசம் பிடிச்சது.”

“கம்பெனி முடிச்சுட்டாங்களே.”

“கம்பெனி முடிச்சாங்க. நான் முடிக்கல.”

“சும்மா இருங்கண்ணா. அஞ்சுன்னு எழுதுனது நீங்க. விட்டம்னு அடிச்சது நானு. படிக்காம கையெழுத்து போட்டதும் நானு. அப்படிப் பாத்தா மூணுல ரெண்டு பங்கு எனக்குத்தான் வரும்.”

“எனக்கும் ரெண்டு பங்கு கீது. தப்பா எழுதுனது ஒண்ணு, வாயைத் தொறக்காம நின்னது ஒண்ணு.”

டீக்கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பணத்தை வேண்டாம் என்று சண்டை போடுகிறவர்களை அவர் அதிகம் பார்த்திருக்க மாட்டார்.

“சரி, ரெண்டும் ரெண்டும். பாதி குடுங்க. அதுக்கு மேல ஒரு ரூபா குடுத்தாலும் நாளைக்கு உங்களை மைதா மூட்டை தூக்கப் போட்டுடுவேன்” என்றார் மேடம்.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பதை எண்ணிக் கொடுத்தேன். அவரும் ஒரு தரம் எண்ணினார். நடுவில் ஒரு நூறு ரூபாய்த் தாள் ஓரம் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. “இது செல்லாதுண்ணா, வேற குடுங்க” என்றார். என் கையில் மீதியிருந்ததிலிருந்து நல்ல தாளாக ஒன்றைப் பார்த்து எடுத்து மாற்றிக் கொடுத்தேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பையில் வைத்து ஜிப்பை இழுத்தார்.

“சரியா இருக்கு” என்றார்.